கணக்கில் எழுதாத தண்ணீர்

ஜூலை 11, வியாழன்

எடை 57.8. தண்ணீர் 1150. மூத்திரம் 1300. காலில் வீக்கம் இல்லை.

இது டாக்டர் ஷைலஜா எழுதச் சொன்னது. நோட்டின் முன்பக்கம் முழுக்க இப்படியேதான் போகிறது. எனக்கு எண்களை மட்டும் எழுதி அலுத்துவிட்டது. நோட்டைத் திருப்பி, பின்னாலிருந்து இதை எழுதுகிறேன். டாக்டர் முன்பக்கத்தைப் பார்ப்பதே பெரிய காரியம், பின்பக்கம் புரட்ட அவருக்கு எங்கே நேரம்.

இவர் மே மாதம் மூச்சு முட்டி ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து வந்தார். இருதயத்துக்குப் பழைய தெம்பில்லை, குடிக்கிற தண்ணீர் உடம்பிலேயே தேங்கிவிடுகிறது என்றார்கள். ஒரு நாளைக்கு ஆயிரத்து இருநூறு மில்லி, அவ்வளவுதான். உப்பும் குறைக்க வேண்டும். காலையிலேயே ஒரு லிட்டர் குப்பியையும் ஒரு டம்ளரையும் நிரப்பி மேஜைமேல் வைத்துவிடுவேன். அது தீர்ந்தால் அன்றைய தண்ணீர் தீர்ந்தது.

முப்பத்து மூன்று வருஷம் தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவர். நேரம் பார்த்து விசில் ஊதி வண்டியை அனுப்புகிற வேலை. ஊதியது போக மிஞ்சிய மூச்சைத்தான் வீட்டில் பேச்சுக்குச் செலவழிப்பார். இன்று என்னிடம் பேசியது மொத்தம் இவ்வளவு: "எட்டீ, வெள்ளம்." "எட்டீ, பேப்பர்." "எட்டீ, ஃபேன்." இத்தனை வருஷம் மலையாளத்து ஊரில் இருந்து, இவருக்குத் தண்ணீரும் வெள்ளமாகிவிட்டது. கல்யாணமாகி நாற்பத்தாறு வருஷம். பழகிவிட்டது என்று எழுதப் பார்த்தேன். பழகவில்லை.

ஜூலை 12, வெள்ளி

எடை 57.9. நல்ல மழை. துணி காயவில்லை.

ஜூலை 17, புதன்

நேற்றிலிருந்து கர்க்கடகம், நம் ஆடி மாதம். சாலைக் கடைத்தெருவில் மருந்துக் கஞ்சிப் பொட்டலம் வாங்கி வந்தேன். நவர அரிசி, வெந்தயம், சீரகம், பேர் தெரியாத நாலு வேர். இந்த மாதம் இதைக் குடித்தால் தளர்ந்த உடம்பு தேறும் என்று எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் வைக்கிறார்கள். எங்கள் வீட்டிலும் வருஷம் தவறினதில்லை.

உப்புப் போடாமல், நன்றாக நீர்க்கக் காய்ச்சி, காலையில் ஒரு கிண்ணம், அந்திக்கு ஒரு கிண்ணம். டாக்டர் சொன்னதை நான் மீறவில்லை. கஞ்சியிலேயே தாகம் அடங்கியதோ என்னவோ, குப்பியில் பாதி அப்படியே இருந்தது. சாயங்காலம் அதையும் ஆசையாகக் குடித்தார். அளவு சரியாக 1200. எனக்கே என்னை மெச்சிக்கொள்ளத் தோன்றியது.

ஜூலை 25, வியாழன்

ஒரு வாரமாக ஒரே தூக்கம். பேப்பர் மடிப்புக் கலையாமல் கிடக்கிறது. சோறு வேண்டாம் என்கிறார், கஞ்சி மட்டும் இறங்குகிறது. நடக்கும்போது சுவரைப் பிடிக்கிறார். எடை 58.9.

மத்தியானம் மழை விட்டு வெயில் அடித்தது. ஜன்னல் கம்பியின் நிழல் கட்டிலின்மேல் விழுந்திருந்தது. இவர் அந்த நிழலை விரலால் தடவிக்கொண்டே கிடந்தார். கஞ்சியை நீட்டினேன். என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார், "நீயும் குடிச்சியா, மக்ளே?"

மக்ளே! பிள்ளைகளைக் கொஞ்சுகிற வார்த்தை. என்னையா? பின்னால் திரும்பிப் பார்த்தேன், வேறு யாராவது நிற்கிறார்களா என்று.

ஜூலை 28, ஞாயிறு

திவ்யலட்சுமி கழக்கூட்டத்திலிருந்து வந்தாள். என் ஒரே மகள். வாரம் முழுக்கக் கம்ப்யூட்டர், ஞாயிற்றுக்கிழமை அப்பா.

இவர் அவளைப் பார்த்ததும் கேட்டார், "நாலு பத்து போயாச்சா?"

"என்ன நாலு பத்து அப்பா?"

"நாகரோயில் வண்டி."

அவள் என்னை அடுக்களைக்குள் இழுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள். கண் கலங்கியிருந்தது. "அம்மா, இது மறவிரோகம், எல்லாம் மறந்துபோற நோவு. என் ஓஃபீஸ்ல ஷைனியோட அச்சனுக்கும் இப்படித்தான் தொடங்கிச்சு. இனி நீ தனியா இவரை வச்சு எப்படிப் பாப்ப?" என்றாள். "வீட்டப் பூட்டிட்டு எங்கூட வந்திரு."

அவளுடையது பதினோராவது மாடி. ஜன்னலைத் திறந்தால் நெடுஞ்சாலை. முதலில் ரத்தம் எடுத்துப் பார்க்கலாம் என்று முடிவாயிற்று.

எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. அப்படியும் அந்த "மக்ளே" காதிலேயே நிற்கிறது. நான் என்ன மனுஷி?

ஜூலை 30, செவ்வாய்

ரிசல்ட் வந்தது. சோடியம் 121. குறைந்தது 135 இருக்க வேண்டுமாம். திவ்யா போனிலேயே படித்துச் சொன்னாள்: சோடியம் என்றால் உப்புத்தான், உப்புக் குறைந்தால் மூளை குழம்புமாம், மறவிரோகமே இல்லையாம். அவள் அழுதது எனக்குப் போனில் கேட்டது. சந்தோஷ அழுகை.

நான்தான் காரணம். ரெண்டு மாசமா உப்பில்லாம மனுஷனுக்குப் பத்தியம் போட்டே கொன்னுருக்கேன். டாக்டரைப் பார்க்க வெள்ளிக்கிழமைதான் நேரம் கிடைத்தது. அதுவரை சும்மா இருப்பானேன்? பரணிலிருந்து உப்புமாங்காய் ஜாடியை இறக்கினேன். கஞ்சிக்கு உப்பு, தொட்டுக்கொள்ள உப்புமாங்காய், ரெண்டு பப்படம். இரண்டு மாதத்துக்குப் பிறகு சப்புக்கொட்டிச் சாப்பிட்டார்.

ஆகஸ்ட் 1, வியாழன்

காலை அமுக்கினால் விரல் குழி அப்படியே நிற்கிறது. எடை 61.2. உட்கார்ந்தால்தான் மூச்சு வருகிறது. நாளை வரை காத்திருக்க முடியாது. திவ்யா கார் கொண்டு வருகிறாள்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

டாக்டர் ஷைலஜா மலையாளமும் தமிழும் கலந்து பேசுவார். கோபமே வராது. அதுதான் இன்னும் கூச்சமாக இருந்தது.

"அம்மா, உப்பு குறைஞ்சது அல்ல. வெள்ளம் கூடிப்போச்சு. ஒரு ஸ்பூன் உப்பை டம்ளர்ல கலக்குறதும் குடத்துல கலக்குறதும் ஒண்ணா? உப்பு அங்கேயே உண்டு, வெள்ளத்துல நீர்த்துக் கிடக்கு. அதுக்கு மேல உப்பும் கொடுத்தா உடம்பு இன்னும் வெள்ளத்தைப் பிடிச்சு வைக்கும்."

"நான் அளவு தவறல டாக்டர். தினம் ஆயிரத்தி இருநூறுதான். எழுதியிருக்கேன், பாருங்க."

"வேற ஒண்ணும் குடிக்கலையா?"

"குடிக்கல. கஞ்சி மட்டும்தான்."

கேட்டுவிட்டு அவர் பேனாவைக் கீழே வைத்தார். எத்தனை கிண்ணம், எவ்வளவு பெரிய கிண்ணம், காய்ச்சுவது எப்படி என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். சொல்லச் சொல்ல எனக்கே விளங்கியது. கர்க்கடகக் கஞ்சி மருந்து என்று நினைத்தேனே தவிர, அதில் முக்கால்வாசி தண்ணீர் என்று நினைக்கவே இல்லை. ரசத்தையும் மோரையும் நினைக்கவில்லை. வாய்க்குள் ஒழுகிப் போகிறது எல்லாம் வெள்ளம் என்றார் டாக்டர்.

மெல்ல மெல்லத்தான் சரிசெய்ய வேண்டுமாம். வேகமாக ஏற்றினால் மூளைக்குக் கெடுதலாம். அதுவரை வார்டில் இருக்கட்டும், இந்தக் குழப்பமும் இருக்கும், பயப்பட வேண்டாம் என்றார்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

என்னை நர்ஸ் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

வார்டு ஜன்னலுக்கு வெளியே ஒரு பெரிய மாமரம். மழை நின்ற பிறகும் இலையிலிருந்து வெகுநேரம் சொட்டுகிறது. இவர் அதைப் பார்த்துக்கொண்டே, எங்கேயோ தூரத்தில் இருக்கிற குரலில் கேட்டார். "மக்ளே, நீ எந்த ஊரு?"

"சுசீந்திரம்."

"அடடே. என் வீட்டுக்காரியும் அங்ஙனதான். பொன்னம்மைன்னு பேரு. தெரியுமா?"

"கேள்விப்பட்டிருக்கேன்" என்றேன்.

சிரித்தார். பல் செட் இல்லாத சிரிப்பு. "அவ அடுக்களையில தனக்குத்தானே பாடுவா. நான் டிவி சத்தத்தக் குறச்சு வச்சுக் கேப்பேன். அவளுக்குத் தெரியாது. தெரிஞ்சா நிறுத்திருவா பாத்துக்கோ."

டிவி சத்தத்தைக் குறைப்பது எனக்குத் தெரியும். நான் போனில் யாரோடு என்ன பேசுகிறேன் என்று ஒட்டுக்கேட்கத்தான் குறைக்கிறார் என்று இத்தனை வருஷமும் நினைத்தேன். அதற்காகவே ஒருநாள் மிக்ஸியை வேண்டுமென்றே ஓட்டியிருக்கிறேன்.

தட்டில் இட்லி ஆறியது. எழுந்திருக்க மனம் வரவில்லை.

ஆகஸ்ட் 5, திங்கள்

இன்றும் நர்ஸ்தான் நான். இன்று சாப்பாட்டைப் பற்றிப் பேசினார்.

"கல்யாணமான புதுசுல, கொளம்புல புளி கூடுதல்னு ஒரு நாள் சொல்லிட்டேன். அவ அன்னைக்குப் பூரா பட்டினி கெடந்தா. அதுக்குப் பெறவு நான் சாப்பாட்டப் பத்தி வாயத் தொறந்ததில்ல. நல்லதும் சொல்லல, கெட்டதும் சொல்லல. நல்லதுன்னு ஒண்ணச் சொன்னா, சொல்லாத மத்தது கெட்டதுன்னு நெனப்பாளே."

கேட்டேளா நியாயத்தை. இந்த வாய்க்கு நாற்பத்தாறு வருஷம் சமைத்துப் போட்டு, ஒரு "நல்லாருக்கு" வராதா என்று தட்டைப் பார்த்து நின்றிருக்கிறேன் நான்.

பிறகு சட்டென்று எழுந்து உட்கார்ந்தார். கையைத் தூக்கினார். "நிறுத்து. நாலு பத்த நிறுத்து. பொன்னம்மை பிள்ளையத் தூக்கிட்டு வாறா." அப்புறம் தலையணையில் சாய்ந்து தூங்கிவிட்டார்.

அந்த வண்டியைப் பற்றி எழுத வேண்டும். யாரிடமும் சொன்னதில்லை. திவ்யா ஆறு மாதக் குழந்தை. அம்மாவுக்கு ரொம்ப மோசம் என்று தந்தி வந்தது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு தம்பானூருக்கு ஓடினேன். ஸ்டாண்டு வாசலில் நான் நுழையும்போது நாகர்கோவில் வண்டி உறுமிக்கொண்டு நிற்கிறது, பக்கத்தில் இவர் நிற்கிறார். என்னைப் பார்த்தார். கண்ணால் பார்த்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். விசில் ஊதினார். அடுத்த வண்டியில் போய் இறங்கியபோது அம்மாவைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். உடம்பில் சூடு இருந்தது. அதைத் தொட்டுப் பார்த்த கைதான் இதை எழுதுகிறது.

நான் கேட்கவில்லை. அவர் சொல்லவில்லை. இன்று வரைக்கும்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

சோடியம் 132. எடை 57.6. வீட்டுக்கு வந்தாயிற்று.

படியேறியதும் முதல் பேச்சு: "எட்டீ, பேப்பர் எங்க?"

ஆகஸ்ட் 10, சனி

கஞ்சிப் பொட்டலத்தைத் தூக்கிப் போட்டேன். ரசம், மோர், சாயா, மாத்திரை விழுங்கும் வாய்த் தண்ணீர், எல்லாவற்றுக்கும் மருந்துக் குப்பியின் மூடி வைத்து அளவு. திவ்யா வீட்டைப் பூட்டுகிற பேச்சை எடுப்பதில்லை. இவர் சுவரைப் பிடிக்காமல் நடக்கிறார். நேற்றைய பேப்பரில் ஒரு தேதி தப்பாக அச்சாகியிருப்பதைக் கண்டுபிடித்து, அச்சடித்தவனைத் திட்டினார். மூளை கண்ணாடிபோல் தெளிந்துவிட்டது.

எல்லாம் நல்லபடியாக இருக்கிறது. அழுகையாக வருகிறது.

ஆகஸ்ட் 14, புதன்

அடுக்களையில் பாடிப் பார்த்தேன். டிவி சத்தம் குறைந்த மாதிரியும் இருந்தது, குறையாத மாதிரியும் இருந்தது. எட்டிப் பார்த்தேன். கண்ணை மூடிக் கிடந்தார். தூங்குகிறாரா, கேட்கிறாரா? கேட்டால் எரிந்து விழுவார்.

வார்டில் என்னை மக்ளே என்று கூப்பிட்டாரே ஒருத்தர், அவர் எங்கே போனார்?

ஆகஸ்ட் 17, சனி

இதை முன்பக்கத்தில் எழுதவில்லை. இங்கே எழுதுகிறேன்.

இன்று 1200 முடிந்த பிறகும் கேட்டார். "எட்டீ, கொஞ்சம் வெள்ளம்." நாக்கு வறண்டு உதட்டில் ஒட்டியிருந்தது. தினமும் கேட்பார், தினமும் இல்லை என்பேன். இன்று ஒரு டம்ளர் நிறையக் கொடுத்தேன். இருநூறு மில்லி. பாவம் பார்த்துத்தான் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

பாவம் பார்த்து இல்லை. பொய் எழுதி என்ன ஆகப் போகிறது, இதை நான் மட்டும்தானே படிக்கிறேன். இன்று மூன்று டம்ளர்.

ஆகஸ்ட் 21, புதன்

நாலு டம்ளர். எடை 59.4. எடையைப் பொய்யாக எழுதக் கை வரவில்லை, உள்ளதையே எழுதினேன். தண்ணீரை மட்டும் 1200 என்று எழுதினேன்.

தூங்கி வழிகிறார். பேப்பரைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். நான் நேராக்கிக் கொடுக்கவில்லை.

ஆகஸ்ட் 23, வெள்ளி

வந்துவிட்டார்.

மத்தியானம் முழுக்க மழைச்சாரல், வீட்டுக்குள் விளக்குப் போடாத வெளிச்சம். பழவங்காடிப் பிள்ளையார் கோயிலில் தேங்காய் உடைக்கிற சத்தம் ஒன்று, இரண்டு என்று விட்டுவிட்டுக் கேட்டது. கட்டிலோரம் உட்கார்ந்திருந்தேன். என் கையை எடுத்துத் தன் நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டு, "மக்ளே, அந்தச் சத்தம் கேக்கா?" என்றார்.

"கேக்கு."

"பொன்னம்மைக்கு வயித்துல ஆபரேஷன். நான் டூட்டிக்குப் போறேன்னு சொல்லிட்டு அந்தக் கோயில்லதான் நின்னேன். நூத்தியொண்ணு தேங்கா உடச்சேன். எனக்குச் சாமி நம்பிக்கை கெடையாது, கேட்டியா. ஆனா அவளுக்கு ஒண்ணும் ஆகப்பிடாதுலா."

கர்ப்பப்பை எடுத்த அன்றைக்கு மயக்கம் தெளிந்து கண்ணைத் திறந்தபோது பக்கத்தில் இவர் இல்லை. டூட்டி பெரிசா நான் பெரிசா என்று அன்று ரொம்ப அழுதேன்.

எனக்குத் தைரியம் வந்துவிட்டது. நர்ஸ்தானே கேட்கிறாள், பொன்னம்மை இல்லையே. கேட்டேன். "அன்னைக்கு அந்த நாலு பத்து வண்டி என்ன ஆச்சு?"

"நிறுத்தி வச்சேன்லா" என்றார். இதைக்கூடவா கேட்பாய் என்கிற மாதிரி. "அவ பிள்ளையோட ஓடி வந்தா. கண்டக்டர்ட்ட, பொறு அப்படீன்னேன். ஏறி ஒக்காந்த பெறவுதான் விசில் ஊதுனேன். ஜன்னல் வழியா எனக்குக் கையக் காட்டினா. அவ அம்மய உயிரோட பாத்துட்டா. அவ மடியிலதான் போச்சு அந்த உயிரு."

நான் அந்த வண்டியில் ஏறினேன். உண்மையாகவே ஏறினேன். பாறசாலை தாண்டியது, களியக்காவிளை தாண்டியது, குழந்தை மடியில் தூங்கியது, காற்று முகத்தில் அடித்தது. அம்மா என் கையைப் பிடித்து, வந்துட்டியா என்றாள். எவ்வளவு நேரம் அப்படி இருந்தேன் என்று தெரியாது. மழை நின்றிருந்தது. இவர் தூங்கிவிட்டார். எழுந்துபோய் ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு, எழுந்ததும் கொடுக்கத் தயாராக மேஜைமேல் வைத்தேன்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

ஐந்து டம்ளர். ஓணத்துக்கு முந்தின வேலை நெருக்கடி, திவ்யா இந்த வாரம் வரவில்லை. நல்லதாகப் போயிற்று.

ஆகஸ்ட் 26, திங்கள்

காலையில் குளியலறையில் விழுந்தார். தலை தரையில் இடித்த சத்தம் இன்னும் கேட்கிறது. கூப்பிட்டேன். கண் திறந்திருக்கிறது, பார்வை இல்லை. இஞ்ச பாருங்க இஞ்ச பாருங்கன்னு கத்துகேன், ஒரு அனக்கமும் இல்ல. என்ன செஞ்சிட்டேன் நான். என்ன செஞ்சிட்டேன்.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

ஐ.சி.யூ. தலைக்குள் ரத்தக் கசிவு இல்லை என்றார்கள். சோடியம் 117.

டாக்டர் ஷைலஜா என் நோட்டை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். திவ்யாவும் பக்கத்தில் இருந்தாள். "இந்த அம்மாவைப்போல யாரும் இத்தனை கிருத்தியமா, ஒரு நாள் விடாம எழுதமாட்டாங்க" என்று அவளிடம் சொன்னார். என்னைப் புகழ்கிறார்! "வெள்ளம் 1200 தாண்டல. எடை மட்டும் ஏறுது, சோடியம் இறங்குது. அப்படின்னா ஹார்ட்டோட சக்தி இன்னும் குறைஞ்சுபோச்சு. இனி மாத்திரை போதாது. வேற மருந்து ஊசியில் தொடங்கணும். அதுக்கு அபாயமும் உண்டு."

திவ்யா வாயைப் பொத்திக்கொண்டாள். ஒரு பேப்பரை நீட்டினார்கள், சம்மதம் என்று கையெழுத்துப் போட.

பேனாவைக் கையில் வாங்கிவிட்டேன். ஒரு நிமிஷம், வெட்கத்தை எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஒரு நிமிஷம் கையெழுத்துப் போட்டுவிடலாம் என்றே இருந்தேன். யாருக்கும் தெரியாது. பழி இருதயத்தின்மேல் போகும்.

"டாக்டர், அந்தக் கணக்கு பொய்" என்றேன்.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"நான்தான் வெள்ளம் குடுத்தேன். ஒன்பது நாளா. ஒரு டம்ளர், மூணு, நாலு, அஞ்சு. எழுதல."

டாக்டர் அந்தச் சம்மதப் பேப்பரை மடித்துத் தன் பைக்குள் வைத்தார். எந்தத் தேதியில் எத்தனை டம்ளர் என்று கேட்டார். நான் மனப்பாடமாகச் சொன்னேன். எழுதிக்கொண்டார். "அப்ப ஹார்ட் பழையபடிதான் இருக்கு. ஊசி வேண்டாம். வெள்ளத்தைக் குறைச்சா போதும்" என்றார். பிறகு, "எல்லா வீட்டுலயும் தாகம்னு கேட்டா கொடுப்பாங்க அம்மா. கொடுத்தா எழுதணும். அது போதும்" என்றார்.

எல்லா வீட்டிலும் இரக்கப்பட்டுக் கொடுப்பார்கள். நான் எனக்காகக் கொடுத்தேன். அதை அவரிடம் சொல்லவில்லை.

திவ்யா வராந்தாவில் கேட்டாள். "ஏன் அம்மா?" நோட்டைப் பைக்குள் திணித்தேன். அவள் அப்புறம் என்னோடு பேசவில்லை. பிஸ்கட் பொட்டலம் மட்டும் வாங்கி என் மடியில் வைத்துவிட்டுப் போனாள்.

ஆகஸ்ட் 28, புதன்

119.

ஆகஸ்ட் 29, வியாழன்

123. என்னை யார் என்று கேட்டார். "பொன்னம்மை" என்றேன். நர்ஸ் என்று சொல்லவில்லை.

ஆகஸ்ட் 31, சனி

129. "எட்டீ, என் கண்ணாடி எங்க?"

கேட்டதும் வார்டில் எல்லாரும் பார்க்க விம்மி அழுதேன். ஜென்மத்தில் அந்த "எட்டீ" எனக்கு அவ்வளவு இனித்ததில்லை. இவர், இவளுக்கு என்ன ஆச்சு என்று நர்ஸைக் கேட்டார், நிஜ நர்ஸை.

செப்டம்பர் 2, திங்கள்

வீடு. சோடியம் 133. எடை 57.5.

செப்டம்பர் 5, வியாழன்

இன்று சொல்லிவிட்டேன். சாப்பிட்டு முடித்துச் சாய்வுநாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"நீங்க விழுந்ததுக்கு நான்தான் காரணம். அளவுக்கு மேல வெள்ளம் குடுத்தேன். தெரிஞ்சேதான் குடுத்தேன்."

"என்னத்துக்கு?"

"உப்பு குறஞ்சா நீங்க எங்கிட்ட நல்லாப் பேசுகேள்."

என்னையே பார்த்தார். ஸ்டாண்டில் நேரம் தப்பி வந்த டிரைவரை இப்படித்தான் பார்ப்பார். பேப்பரை எடுத்து முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டார். சாயங்காலம் வரை பக்கம் திருப்பவில்லை.

செப்டம்பர் 6, வெள்ளி

பேசவில்லை. "எட்டீ" கூட இல்லை. தண்ணீருக்கு டம்ளரைத் தட்டுகிறார்.

செப்டம்பர் 7, சனி

விநாயக சதுர்த்தி. காலையிலிருந்து கோயிலில் தேங்காய் உடைகிற சத்தம் ஓயவில்லை. தெருவெல்லாம் இளநீர் வாசம். மத்தியானம் இவர் ஜன்னலோரம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். எண்ணெய்ப் பாத்திரத்தைத் துலக்கிக்கொண்டிருந்த என்னைக் கூப்பிட்டார்.

"எட்டீ. நான் என்ன பேசுனேன்?"

கை ஈரத்தோடு வந்து நின்றேன். எங்கேயிருந்து தொடங்க?

"எல்லாத்தையும் சொல்லு. விடாம."

சொன்னேன். என்னை நர்ஸ் என்று நினைத்தது, சுசீந்திரம், பாட்டு, சாப்பாடு, தேங்காய், வண்டி. சொல்லி முடிக்கக் கால் மணி நேரம் ஆயிற்று. முடிந்ததும் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்தார்.

"அதுல பாதி நான் சொன்னதாக்கும். பாதி நோவு சொன்னது" என்றார்.

"எந்தப் பாதி?"

"ஒண்ணொண்ணாக் கேளு. சொல்லுகேன்."

கேட்டேன். "பாட்டு?"

"ஆமா."

"டிவி சத்தத்தக் குறச்சு?"

"ஆமான்னு சொல்லியாச்சுலா."

"சாப்பாடு?"

"ஆமா. அன்னைக்குப் புளி கூடுதல்தான்."

"தேங்காய்? நூத்தியொண்ணு?"

யோசித்தார். "நூத்தியொண்ணு யாரு சொன்னா? பதினொண்ணு. டூட்டிக்கு அரை மணிக்கூர் லேட். மெமோ குடுத்தானுவ."

எனக்குச் சிரிப்பு வந்தது. இவருக்கும் வாயோரம் லேசாகக் கோணியது. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். இத்தனை கேட்டவளுக்கு அதைக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அந்த வண்டிய நிறுத்துனேளா?"

"இல்ல" என்றார்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு என்னை நேராகப் பார்த்துச் சொன்னார். "உன்னப் பாத்தேன். நீ வாறது தெரிஞ்சுதான் ஊதுனேன். வண்டியில அம்பத்திரெண்டு பேரு இருந்தாவ. அவுகளுக்கு யாரு சாகக் கெடந்தான்னு எனக்குத் தெரியுமா? இன்னைக்கும் நிறுத்த மாட்டேன், பொன்னம்மை."

கோபம் வந்தது. நாற்பது வருஷக் கோபம் மொத்தமாக வந்தது. பாத்திரம் துலக்குகிற கையோடு அடுக்களைக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு நின்று அழுதேன். ஒரு பொய் சொன்னால் என்ன? ஒரே ஒரு பொய், இந்த மனுஷனுக்கு வராதா?

வராது. செத்தாலும் வராது. குழாயடியில் நின்றபோதுதான் அது எனக்கு உறைத்தது. நூற்றொன்றைப் பதினொன்று என்று திருத்துகிற ஆள், என்னைச் சமாதானப்படுத்துவதற்காக "ஆமா" சொல்லியிருக்கவே மாட்டார். அப்படியென்றால் அந்த ஆமா எல்லாம் ஆமாதான்.

குழாயை மூடினேன். கூடத்தில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. எனக்குப் பாட வரவில்லை. மூன்றரைக்கு மோர் கேட்டார். எண்பது மில்லி அளந்து கொடுத்தேன். நாக்கை வெளியே நீட்டி டம்ளரின் அடி வரைக்கும் நக்கிவிட்டு, இன்னும் கொஞ்சம் என்று கண்ணாலேயே கேட்டார். இல்லை என்றேன். நோட்டின் முன்பக்கத்தைத் திருப்பி எண்பது என்று எழுதினேன்.